சம வாய்ப்பு மையத்துக்கு என்னைப் பொறுப்பாப் போட்டிருக்காங்க. போட்டோ எடுக்கறதைத் தவிர என்ன செய்யலாம்?

சிவில்_டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தென்மாவட்டத்துல ஒரு சுயநிதி பொறியியல் கல்லூரி. சிவில் துறையில உதவிப் பேராசிரியை, ஏழு வருஷ சர்வீஸ். போன மாசம் டேபிள் மேல ஒரு ஆர்டர் கிடந்துச்சு. "சம வாய்ப்பு மையம், ஒருங்கிணைப்பாளர்"னு என் பேரு. ஏற்கெனவே கிளாஸ் அட்வைசர், லேப் இன்சார்ஜ், என்.எஸ்.எஸ். மூணும் என் தலையில. நாலாவதா இது.

எச்ஓடி கிட்ட இதுல என்ன சார் செய்யணும்னு கேட்டேன். "நாக் தர மதிப்பீட்டுக் குழு வருதுல்லம்மா. ஏழாவது கிரைட்டீரியனுக்கு ஃபைல் வேணும். வருஷத்துக்கு ரெண்டு ப்ரோக்ராம், ஜியோடேக் போட்டோ, கையெழுத்து ஷீட். முடிஞ்சது"ன்னார்.

எனக்கு முன்னாடி இருந்தவரோட ஃபைலைப் புரட்டிப் பார்த்தேன். மகளிர் தினக் கோலப் போட்டி, அரசியலமைப்பு தின உறுதிமொழி, குத்துவிளக்கு, பொன்னாடை. ஒரு போட்டோவுல "அனைவருக்குமான வளாகம்"னு பேனர். அதைக் கட்டியிருக்கிற இடம் மெயின் பிளாக் சாய்வுதளத்தோட கைப்பிடிக் கம்பி. கம்பிக்குக் கீழே, சாய்வுதளத்து மேலேயே, மூணு பைக் நிக்குது. ஜியோடேக் பக்காவா விழுந்திருக்கு.

இது வரைக்கும் சிரிச்சுட்டுப் போயிருப்பேன். போன செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் என்னை இங்க எழுத வெச்சுது.

ரெண்டாவது பீரியட். செகண்ட் இயருக்கு மெக்கானிக்ஸ் எடுத்துக்கிட்டிருந்தேன். ஆபீஸ்ல இருந்து அட்டெண்டர் ஒரு பேப்பரோட வந்து வாசல்ல நின்னு சத்தமா, "செவன் பாயின்ட் ஃபைவ் பசங்க, எஸ்சி எஸ்டி ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரிச்சு ஆபீஸுக்கு வாங்க. ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ்"னு சொன்னார். செவன் பாயின்ட் ஃபைவ்னா அரசுப் பள்ளிப் பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. பதினோரு பேர் எந்திரிச்சாங்க. மூணாவது பெஞ்ச்ல ஒருத்தன் மட்டும் எந்திரிக்கல. அவன் பேரும் அந்த லிஸ்ட்ல இருக்குன்னு எனக்குத் தெரியும், நான்தானே அட்வைசர். குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட ஆரம்பிச்சான். கட்டினான், அவுத்தான், மறுபடி கட்டினான். கடைசி பெஞ்ச்ல இருந்து ஒரு குரல்: "டேய் செவன் பாயின்ட் ஃபைவ், உன்னையத்தாண்டா." கிளாஸே சிரிச்சுது.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "சைலன்ஸ்"னு டஸ்டரால மேசையைத் தட்டிட்டு விட்ட இடத்துல இருந்து கணக்கைத் தொடர்ந்தேன். அவ்வளவுதான் செஞ்சேன்.

நானும் அப்படி எந்திரிச்சவதான். 2010-ல பி.இ. சேர்ந்தேன். இதே மாதிரி ஒரு கிளார்க், இதே மாதிரி ஒரு பேப்பர். அன்னைக்கு மத்தியானம் சாப்பிடும்போது பக்கத்துல உக்காந்திருந்தவ தன் டிபன் பாக்ஸை ஒரு ஜாண் தள்ளி வெச்சா. இடம் பத்தாம கூட நகர்த்தியிருக்கலாம். அது எதுக்காகன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த ஒரு ஜாண் மட்டும் ஞாபகத்துல இருக்கு.

பட்ஜெட் வருஷத்துக்கு ஐயாயிரம். அதிகாரம்னு ஒண்ணும் கிடையாது. உங்க காலேஜ்ல, யுனிவர்சிட்டியில நிஜமாவே எதையாவது மாத்தியிருக்கீங்களா? கருத்தரங்கம் நடத்துங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க.

---

ஓய்வுபெற்ற_கணக்கு:

அம்மா, முப்பத்திரண்டு வருஷம் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். அதிகாரம் இல்லை என்கிறீர்கள். ஒரு காகிதம் இருக்கிறது. யுஜிசி 2012-ல் உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்கென்று ஒரு விதிமுறை போட்டது. உங்கள் மையமே அதில் பிறந்ததுதான். பாகுபாட்டுப் புகாரைக் கேட்க ஓர் அலுவலரும் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் கல்லூரியில் அது யார் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பெயர் வராது, முழிப்பார்கள்.

பெரும்பாலானோர் அந்த விதியை எடுத்துப் படித்ததே இல்லை. எதெல்லாம் பாகுபாடு என்ற வரிசையில், மாணவர்களின் சாதி, பழங்குடி, மதம், வட்டாரம் இவற்றை வகுப்பில் வாயாலோ வேறு விதமாகவோ அறிவிப்பதும், "ரிசர்வ்டு" என்று முத்திரை குத்துவதும் வருகிறது. செவ்வாய்க்கிழமை உங்கள் வாசலில் நடந்ததேதான். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, இரண்டு வரியை அடிக்கோடிட்டு, ஒரு விண்ணப்பத்தோடு முதல்வர் மேசைக்கு அனுப்புங்கள். வாய்ப்பேச்சாகப் போகாதீர்கள். ஃபைலில் வந்த காகிதத்துக்குத்தான் பதில் எழுதியாக வேண்டும்.

பள்ளிகளைப் பற்றியும் இதே பேச்சு வந்தது. நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது, உதவித்தொகை விஷயத்தை மாணவனைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்றது. பத்தாம் வகுப்புப் பையனுக்கு இருக்கிற மானம் பொறியியல் படிக்கிறவனுக்கு இருக்காதா?

2012 விதி காகிதத்தில் கிடந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா உயிரை மாய்த்துக்கொண்டார். 2019 மே மாதம் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வியும். இரண்டு பேருடைய அம்மாக்களும் சேர்ந்து அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். இருக்கிற விதியை அமல்படுத்துங்கள் என்பதும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. அதைக் கேட்கவே அத்தனை தூரம் போக வேண்டியிருந்தது.

இன்னொன்று. நீங்கள் மெக்கானிக்ஸ் நடத்துவதால் இது உங்களுக்கு நேரடியாகவே உதவும். ஒரு பையன், அரசுப் பள்ளி, தமிழ்வழி. பிளஸ் டூ கணிதத்தில் இருநூறுக்கு 190-க்கு மேல். எங்களிடம் முதல் செமஸ்டர் கணிதத்தில் 22. அறைக்குக் கூப்பிட்டு, "டிடர்மினன்ட் கூடவா தெரியாது?" என்றேன். தலை குனிந்து நின்றான். எரிச்சலில் கரும்பலகையில் இரண்டு கோடு கிழித்து நடுவில் ஒன்பது எண்களை எழுதினேன். பையன் நிமிர்ந்தான். "சார், இது அணிக்கோவையா?" என்றான். சாக்பீஸைக் கையில் வாங்காமலே விடை சொன்னான்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வகையிடல், தொகையிடல், சார்பு, எல்லை, உந்தம், முடுக்கம், நிலைமத் திருப்புத்திறன் எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாம் வாசலில் வேறு பெயர்ப்பலகை மாட்டி வைத்துக்கொண்டு, வீடு தெரியவில்லையா என்று கேட்கிறோம். ஒரே தாளில் முன்னும் பின்னும் இரண்டு வரிசை போட்டேன், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் நாம் வகுப்பில் சொல்லும் சொல். நூற்று நாற்பது சொல் இருக்கும். முதல் மாதம் நடத்தும்போது இரண்டையும் சேர்த்தே சொன்னேன்.

ஒரு தவறும் செய்தேன். முதல் வருஷம் அந்தத் தாளைத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தேன். பாதிப் பேர் வாங்கவே வரவில்லை. அதுவும் ஒரு லிஸ்ட்தானே! அடுத்த வருஷம் அறுபது பேருக்கும் கொடுத்தேன். சிபிஎஸ்இ பிள்ளைகள் "நிலைமத் திருப்புத்திறன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நாலாம் வாரம் அந்தப் பிள்ளைகளே மற்றவர்களிடம் "இதுக்குத் தமிழ்ல என்னடா" என்று கேட்டார்கள்.

---

பழைய_சூப்பரிண்டெண்ட்:

மேடம், அலுவலகத்தைத் திட்டுவதற்கு முன்னால் அந்த மேசையில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். கல்லூரி ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளதைச் சொல்கிறேன்.

எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்று சான்று வேண்டும். சாதிச் சான்று, ஆதாரோடு இணைந்த கணக்கு, போன செமஸ்டர் மார்க். ஒரு எழுத்து மாறினாலும் போர்ட்டல் திருப்பி அனுப்பிவிடும். "நாளை மாலைக்குள் முடியுங்கள்" என்று மாவட்ட அலுவலகத்தில் இருந்து இன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குப் போன் வரும். செக்‌ஷனில் இருப்பது ஒரு கிளார்க், ஒரு அட்டெண்டர். அட்டெண்டர் வகுப்பு வகுப்பாக ஓடத்தான் செய்வார். அவருக்கு யாரையும் இழிவுபடுத்தும் எண்ணம் கிடையாது. அவர் பெண்ணும் இதே உதவித்தொகையில் படித்தவளாக இருக்கலாம். எங்கள் அட்டெண்டருக்கு அப்படித்தான்.

ஆனாலும் அந்தக் கூப்பாடு தப்பு. இல்லையென்று சொல்லமாட்டேன்.

நாங்கள் செய்தது இது. லிஸ்டைப் படிப்பதை நிறுத்திவிட்டு, வகுப்பையே ரோல் நம்பர் வரிசையில் கூப்பிட்டோம். ஒன்று முதல் பதினைந்து வரை திங்கள் மதிய இடைவேளை. பதினாறு முதல் முப்பது வரை செவ்வாய். வருகிற எல்லோரிடமும் ஒரே தாள். வங்கிக் கணக்கு விவரம், போன் நம்பர், ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாய், வீட்டில் முதல் பட்டதாரியா, ஏதாவது உதவித்தொகை வருகிறதா. யாருக்கு எது பொருந்தும் என்று உள்ளே பிரித்துக்கொள்வோம். யார் எதற்குப் போனார்கள் என்று வகுப்புக்குத் தெரியாது. வேலை கூடுதல்தான். முதல் வருஷம் கிளார்க் என்னை மனசுக்குள் திட்டியிருப்பார். ஆனால் கடைசி நாள் ஓட்டம் நின்றது. ஜூலையிலேயே விவரம் கையில் இருந்ததல்லவா.

இன்னொன்றும் கவனியுங்கள். 2021-22-ல் இருந்து எஸ்சி போஸ்ட் மெட்ரிக்கில் மத்திய அரசின் 60 சதவீதம் நேராக மாணவர் கணக்குக்குப் போகிறது. கல்லூரிக்கு வருவதில்லை. பணம் விழுகிற அன்றைக்கு வீட்டில் என்ன அவசரமோ, யாருக்குத் தெரியும். எங்கள் பையன் ஒருவன் கணக்கில் விழுந்த பணம் அவன் அம்மாவின் ஆபரேஷனுக்குப் போனது. மார்ச்சில் கல்லூரி ஃபீஸ் கேட்டு ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தது. அவன் செக்‌ஷன் வாசலில் இரண்டு நாள் நின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபீஸ் பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தும் முன்னால் உங்கள் மையத்துக்கு ஒரு வரி தெரிவிக்க வேண்டும் என்று முதல்வரிடம் உத்தரவு வாங்கிவிடுங்கள். ஐயாயிரம் பட்ஜெட்டில் ஒரு பைசா செலவில்லாத வேலை.

---

கட்ஆஃப்_194:

தப்பா எடுத்துக்காதீங்க மேடம். சலுகை வாங்கும்போது கூச்சம் இல்ல, பேரை வாசிச்சா மட்டும் கூச்சமா? எங்க அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டறார். நான் 194 கட் ஆஃப் வெச்சும் கேட்ட காலேஜ் கெடைக்கல. எனக்கு எந்த மையமும் இல்ல. கஷ்டப்படற எல்லாருக்கும் ஒரே மாதிரி பண்ணுங்கன்னுதான் கேக்கறேன்.

பழைய_சூப்பரிண்டெண்ட்:

தம்பி, வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரியா?

கட்ஆஃப்_194:

ஆமா. எஃப்ஜி சர்டிபிகேட் இருக்கு. ட்யூஷன் ஃபீஸ் கம்மியாச்சு.

பழைய_சூப்பரிண்டெண்ட்:

2010-ல் இருந்து இருக்கிற சலுகை. சாதி பார்ப்பதில்லை, வருமானம் பார்ப்பதில்லை. நல்லது. உங்களை யாராவது வகுப்பில் எழுப்பி நிற்க வைத்து "எஃப்ஜி எல்லாம் ஆபீஸுக்கு வா" என்று கூப்பிட்டார்களா?

கட்ஆஃப்_194:

இல்ல. கவுன்சிலிங்லயே கழிச்சுட்டாங்க.

பழைய_சூப்பரிண்டெண்ட்:

அவ்வளவுதான் தம்பி கேட்கிறோம்.

கட்ஆஃப்_194:

சரி. இந்த விஷயத்துல ஒத்துக்கறேன். மத்ததுல இல்ல.

---

காதால்_படிப்பவன்:

மேடம், நான் பார்வையற்றவன். பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உங்கள் சாய்வுதளம் பைக் ஸ்டாண்ட் ஆனதைப் படித்ததும் எங்கள் வளாகம்தானோ என்று நினைத்தேன்.

என் பிரச்சினை சாய்வுதளம் இல்லை. சுற்றறிக்கை. கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வைத்திருக்கிறேன். இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். தமிழை நன்றாகவே படிக்கும், ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டியிருந்தால். எங்கள் அலுவலகத்தில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு. கண்ணுக்குத் தமிழ் எழுத்தாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். "தமிழ்" என்று அவர்கள் தட்டிய சொல் என் காதில் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று விழுகிறது. ஒரு பக்கச் சுற்றறிக்கை முழுக்க இப்படியே கேட்டுப் பாருங்கள். தலை சுற்றும். பல நேரம் அதையும் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, செல்போனில் படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கி வாட்ஸப்பில் போடுவார்கள். அதற்கு என் கணினி ஒன்றுமே சொல்லாது. ஒருமுறை உதவித்தொகைப் புதுப்பித்தலுக்குக் கடைசித் தேதி அப்படி ஒரு படத்துக்குள் இருந்தது. விடுதித் தோழன் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னதால் தப்பித்தேன்.

ஒருங்குறிதான் தரம் என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது 2010-ல். உங்கள் தட்டச்சரிடம் போய் எந்த எழுத்துரு என்று மட்டும் கேளுங்கள். பழைய கோப்புகளை மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. ஒரு மதியம் போதும்.

தேர்வு விஷயம். நான் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதுபவரைத் துறையே நியமிக்கும், நீ தேர்ந்தெடுக்கக் கூடாது என்பார்கள். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், எழுதுபவரை நானே அழைத்து வருவதா, நிறுவனம் தருவதா என்பது என் விருப்பம் என்று இருந்தது. மணிக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம். மூன்று மணி நேரத் தேர்வென்றால் நான்கு மணி. இதைத் தெரியாத மேற்பார்வையாளர் மூன்றாவது மணி அடித்ததும் தாளைப் பிடுங்குவார். ஒவ்வொரு செமஸ்டரும் அந்த வழிகாட்டுதலின் பிரதியைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் போகிறேன். நான் படிக்க முடியாத காகிதம். அவர் படிப்பதற்காக.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் என்னைப் போன்றவர்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். போன வருஷம் மேடைக்கு ஏழு படி, கைப்பிடி கிடையாது. இரண்டு பேர் என்னை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்குக் கால் இருக்கிறது, நன்றாகவே நடக்கிறேன். கை தட்டல் பலமாக இருந்தது.

---

ரூம்_112:

மேம், நான் ஃபைனல் இயர், இன்னொரு காலேஜ். லேடீஸ் ஹாஸ்டல் பத்தி யாருமே பேசல, அதான் எழுதறேன்.

எங்க லைப்ரரி ராத்திரி எட்டரை வரைக்கும் திறந்திருக்கும். லேடீஸ் ஹாஸ்டல் கேட் ஆறரைக்குப் பூட்டிடுவாங்க. அப்ப அந்த ரெண்டு மணி நேரம் யாருக்காகத் திறந்திருக்கு? ப்ராஜெக்ட் டீம்ல பசங்க ராத்திரி லேப்ல உக்காந்து வேலை பார்ப்பாங்க. நாங்க ரூம்ல இருந்து வாட்ஸப்ல "என்னாச்சு என்னாச்சு"ன்னு கேட்டுட்டு இருப்போம். பிரசன்டேஷன்ல ஹெச்ஓடி "கேர்ள்ஸ் கான்ட்ரிபியூஷன் கம்மி"ன்னு சொல்வார்!

கேரளாவுல ஒரு பொண்ணு ஹாஸ்டல்ல போன் யூஸ் பண்ண நேரக் கட்டுப்பாடு போட்டதை எதிர்த்து கேஸ் போட்டு 2019-ல ஹைகோர்ட்ல ஜெயிச்சா. அந்த நியூஸை எங்க வார்டன் மேம் கிட்ட காட்டினேன். "நீ கேஸ் போடப் போறியா"ன்னு கேட்டாங்க. இல்ல மேம்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. ஏதாவது ஆச்சுன்னா முதல்ல அவங்களைத்தான் புடிப்பாங்க.

ஒண்ணே ஒண்ணு கேளுங்க மேம், கேட்டுக்கும் லைப்ரரிக்கும் ஒரே டைம் இருக்கணும்னு. ஒண்ணு லைப்ரரியைச் சீக்கிரம் பூட்டட்டும், இல்லேன்னா கேட்டை லேட்டா பூட்டட்டும். லைப்ரரியைச் சீக்கிரம் பூட்டினா பசங்களே சண்டை போடுவாங்க, நமக்கு வேலை மிச்சம் :)

---

சிவில்_டீச்சர் (மூணு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் பதில் சொல்ல லேட் ஆயிடுச்சு. இன்டர்னல் பேப்பர் திருத்தற வேலை. என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல.

கணக்கு சார் சொன்ன மாதிரி 2012 விதிமுறைப் பக்கத்தை அடிக்கோடு போட்டு வெச்சேன். முதல்வர் படிச்சுட்டு, "இப்படியா போட்டிருக்கு?"ன்னு கேட்டார். நிஜமாவே தெரியாதுபோல. சூப்பரிண்டெண்ட் சார் யோசனைக்கு "ட்ரை பண்ணுங்க"ன்னு ஓரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டார். புகார் கேக்கற அலுவலர் யாருன்னு கேட்டதுக்கு மட்டும் "பாக்கலாம்"னார். அது அப்படியே நிக்குது. அடுத்த வாரம் மறுபடி ஒரு காகிதம் வைக்கப் போறேன்.

முதல் நாள் ரோல் நம்பர் ஒண்ணுல இருந்து பதினஞ்சு வரைக்கும் போனாங்க. பாதிப் பேர் "எங்களை எதுக்கு மேம் கூப்பிட்டாங்க?"ன்னு முனகினாங்க. அந்தப் பதினஞ்சுல ஒரு பொண்ணு, ஊர்ல அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ்வழி. புதுமைப் பெண் திட்டம் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சு விண்ணப்பமே போடல. 2024 கடைசியில அதை உதவி பெறும் பள்ளியில தமிழ்வழி படிச்சவங்களுக்கும் விரிச்சாங்கன்னு கிளார்க்தான் சொல்லியிருக்கார். மாசம் ஆயிரம் ரூபாய். பழைய லிஸ்ட்ல அவ பேரு எந்தக் காலத்துலயும் வந்திருக்காது. அவளை அந்த வாசல்ல இருந்து யாரும் கூப்பிட்டிருக்கவும் மாட்டாங்க.

ஷூ லேஸ் பையன் கிட்ட நான் தனியா எதுவும் பேசல. பேசணும்னு ரெண்டு தடவை ஸ்டாஃப் ரூம் வாசல் வரைக்கும் கூப்பிட்டுட்டு, லேப் ரெக்கார்டைப் பத்தி ஏதோ கேட்டு அனுப்பிட்டேன். மன்னிப்புக் கேக்கறேன் பேர்வழின்னு மறுபடி அவனை எந்திரிச்சு நிக்க வைக்கற மாதிரி ஆயிடுமோன்னு பயம். அவன் ரோல் நம்பர் 38. புதன்கிழமை அவன் வரிசை வந்தப்போ முன்னாடி 37, பின்னாடி 39-னு கூட்டத்தோட கூட்டமா போயிட்டு வந்தான். கடைசி பெஞ்ச் பையன் 41. அவனும் அதே வரிசைதான். அவனுக்கும் ஏதோ ஒரு ஃபார்ம் கொடுத்திருக்காங்க. மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டான். என்ன ஃபார்ம்னு நான் கேக்கல.

சொல் தாள் ரெடி ஆயிட்டிருக்கு. மெக்கானிக்ஸுக்கு மட்டும் 86 சொல் சேர்ந்திருக்கு. "ஃப்ரீ பாடி டயகிராம்"க்குத் தமிழ் பாடப்புத்தகத்துல "தனித்த பொருள் விசைப்படம்"னு இருக்கு. அதை போர்டுல எழுதினதும் ஒருத்தி, "மேம், தனித்த பொருளுக்கு இப்படி நாலு பக்கமும் அம்புக்குறியா?"ன்னு கேட்டா. கிளாஸ் சிரிச்சுது. இந்தத் தடவை நானும் சிரிச்சேன்.

ரூம் 112, உன் கணக்கை அப்படியே எங்க லைப்ரரியன் கிட்ட சொன்னேன். எங்க ஊர்லயும் அதே கதைதான், நேரம் மட்டும் வேற. விடுதிக் கமிட்டி அடுத்த மாசம்தான் கூடுது.

காதால் படிப்பவன் சார், எங்க தட்டச்சர் தட்டறது வானவில் எழுத்துருவுல. "இதையா மாத்தணும், இருபது வருஷக் கை மேடம் இது"ன்னார். கை மாற வேண்டாம், விசைப்பலகை அப்படியே இருக்கட்டும், கீழே ஒருங்குறி மட்டும் வரணும்னு ஒரு மென்பொருள் போட்டுக் காட்டினேன். ரெண்டு நாள் கோவமா இருந்தார். மூணாவது நாள் அனுப்பின சுற்றறிக்கையை என் லேப்டாப்ல என்விடிஏ போட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். முழுசும் படிச்சுது. முதல்வர் பேருக்குப் பின்னாடி இருக்கற பட்டங்களைப் படிக்கத்தான் ரொம்ப நேரம் ஆச்சு.

மிச்சம் சாய்வுதளம். ஒரு நாள் காலேஜ் விட்டதும் டேப் எடுத்துட்டுப் போய் அளந்தேன். நாலு படி, படிக்கு ஆறு அங்குலம், மொத்த உயரம் ரெண்டு அடி. ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம்ங்கறது கணக்கு. அப்போ 24 அடி வேணும். எங்க சாய்வுதளம் எட்டு அடி. சக்கர நாற்காலியைப் பின்னாடி இருந்து ரெண்டு பேர் தள்ளினாலும் ஏறாது. இறங்கினா நிக்காது. பைக் ஏத்தத்தான் லாயக்கு, பைக்தான் ஏறுது. இத்தனை வருஷம் சிவில் நடத்திட்டு அதைத் தாண்டித் தினமும் நடந்திருக்கேன்.

24 அடி நேரா இழுத்தா போர்ட்டிகோவுல சேர்மன் கார் நிக்க இடம் இருக்காதுன்னு மெயின்டனன்ஸ்ல சொல்றாங்க. 12 அடி போய், ஒரு சமதளம் விட்டு, திரும்பி 12 அடின்னு எல் வடிவத்துல வரைஞ்சு கொடுத்திருக்கேன். திரும்பற இடத்துல அஞ்சுக்கு அஞ்சு சமதளம் போட்டிருக்கேன். ஆனா மூலையில ஒரு வேப்பமரம் வருது. மரத்தை வெட்டச் சொல்றாங்க, எனக்கு மனசில்ல. இந்த மாதிரி மரத்தைச் சுத்திச் சாய்வுதளம் போட்ட அனுபவம் யாருக்காவது இருந்தா வரைபடம் அனுப்புங்க. எஸ்டிமேட் வெள்ளிக்கிழமைக்குள்ள கேக்கறாங்க.